ஒன்பதாவது படிவம்

"கொழும்பு மிஸ் கையப் பாத்துட்டு என்ன ஆச்சுன்னு கேட்டா?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"எங்க?"

"பாத்ரூம்ல."

"எப்ப?"

"போன மாசம் பதினெட்டாந் தேதி."

"கேக்காம தேதி சொல்லாத. விழுகுறவ தேதி பாத்துக்கிட்டா விழுவா?"

சுந்தரம்மா மகளின் கூந்தலை மூன்றாகப் பிரித்து இறுக்கிப் பின்னினாள். விதுஷாவின் இடக்கை முழங்கை வரை பிளாஸ்டருக்குள் இருந்தது. இருபத்தைந்து வயது மகளுக்குத் தாய் தலை சீவிவிடுவது மூன்று வாரங்களாகத்தான். அதற்கு முன் கடைசியாகச் சீவியது, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுப்பிய காலையில். அன்று சீவி முடித்ததும் அந்தத் தலையை நெஞ்சோடு அணைத்து முத்தமிட்டாள். இப்போது அவளுடைய விரல்கள், இரவல் வாங்கிய பொருளைக் கையாள்வதுபோல, தேவைக்கு மேல் எங்கும் தங்கவில்லை.

"அம்மா, திங்கக்கெழம நான் போகலன்னா என்ன செய்வ?"

"போகணும். பாஸ்டர் வேனுக்குச் சொல்லிட்டாரு."

"அந்த உபவாச ஜெப முகாம்ல நாப்பது நாளும்மா. ஒரு நேரந்தான் சாப்பாடாம்."

"இயேசப்பாவும் நாப்பது நாள் வனாந்தரத்துல இருந்தாரு."

"அவர யாரும் வேன்ல ஏத்தி அனுப்பல."

பின்னல் வெடுக்கென்று இழுபட்டது. "இந்த வாய்தான். இன்னைக்கி ஒரு நாள் வாய மூடிக்கிட்டு எழுதிக் குடு. நம்ம ஜெபவீடு நிக்கிறதும் போறதும் ஒன் எழுத்துலதான் இருக்கு."

அது மிகையன்று. மாத்தளையை அடுத்த பலாபத்வலையில், கண்டி வீதியிலிருந்து இருநூறு யார் தூரம் உள்ளே, சுந்தரம்மாவின் தகரக் கூரை வீட்டு முன்கூடத்தில்தான் பதினொரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆராதனை நடந்துவந்தது. வீடு வசிப்பதற்கு மட்டுமே உரியது, அங்கே கூட்டம் கூடக் கூடாது என்று அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அதை எதிர்த்து வழக்குப் போடக் கொழும்பில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு முன்வந்தது. வழக்குக்குச் சான்றுகள் வேண்டும். சபையார் இதுவரை பட்ட தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஆங்கிலப் படிவத்தில் நிரப்பித் தரவேண்டும். நாற்பத்துமூன்று பேர் கொண்ட அச்சபையில் மூன்று மொழியிலும் எழுதக்கூடியவள் விதுஷா ஒருத்தியே. மாத்தளை டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில், ஊராரின் மனுக்களையும் விண்ணப்பங்களையும் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டரின் பக்கத்தில் நின்று, அவர் தமிழில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சபையிலிருந்த ஆறு சிங்கள விசுவாசிகளுக்காக மொழிபெயர்த்தவளும் அவள்தான். மூன்று வாரங்களாக அந்த இடத்தில் அவளை நிற்க விடுவதில்லை. ஆராதனை நேரம் சமையலறையில் இருக்கவேண்டும் என்பது உத்தரவு.

அவளைப் பொறுத்தவரை இந்தச் சனிக்கிழமைக்கு வேறொரு பொருளும் இருந்தது. திங்களன்று வேன் வருமுன், சட்டம் தெரிந்த வெளியாள் ஒருத்தி இந்த வாசலுக்குள் வரப்போவது இன்று மட்டுமே.

சுந்தரம்மா இந்தச் சபையை ஏன் இத்தனை இறுகப் பற்றியிருந்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது அவளுக்கு அநியாயம். நகரத்தின் மலக்குழிகளைச் சுத்தம் செய்வதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை அவளுடையது. அவளும் இருபத்தேழு ஆண்டுகள் மாத்தளைத் தெருக்களைக் கூட்டினாள். கணவன் இறந்தபின், சேமித்த காசில் இந்தக் காணித்துண்டை வாங்கி வீடு கட்டியபோது, சுற்றியிருந்த தமிழர் எவரும் அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட வாசலுக்கு வெளியே நனைந்தபடிதான் நின்றார்கள். அப்படியிருக்க ஒரு நாள், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பாஸ்டரான ஜெயக்காந்தன் உள்ளே வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஒரு கிளாஸ் தண்ணி தாங்கக்கா" என்றார். கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்தார். சுந்தரம்மாவின் மனமாற்றத்துக்கு வேறு அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை.

ஜெயக்காந்தனும் பட்டவர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கூரைமேல் ஒரு கும்பல் கல்லெறிந்தபோது அவருடைய மண்டை பிளந்து ஆறு தையல் போட்டார்கள். அவருடைய தகப்பன் மாடசாமி செத்தபோது, மதம் மாறியவனின் பிணம் தோட்டத்து மயானத்துக்குள் வரக்கூடாது என்று வழியை மறித்தார்கள். காலையில் தூக்கிய பெட்டி மாலைவரை மழையில், மயானத்துக்குப் போகும் ஒழுங்கையில் கிடந்தது. ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதை அந்த மனிதருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறிவை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே கேள்வி.

ஒருபால் உறவைக் குற்றமாக்கும் பிரிவைத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கும் பேச்சு பாராளுமன்றத்தில் அடிபட்ட காலம் அது. "நமக்கு ஒரு கூரைக்கு அனுமதி இல்ல, அவங்களுக்குச் சட்டமே வருதாம்" என்று பாஸ்டர் பிரசங்கித்தார். அதற்கு எதிராகச் சபையார் ஒரு மனு எழுதினார்கள். நாற்பத்துமூன்று கையொப்பங்களோடு போன அந்த மனுவைத் தட்டச்சு செய்து பிரதியெடுத்தவள் விதுஷாதான். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்று பாஸ்டர் மெச்சினார்.

அடுத்த வாரம் அவளுடைய போன் பிடிபட்டது. அலுவிகாரையில் பாலர் பாடசாலை ஒன்றில் கற்பித்துவந்த ரஜிதா அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. இரண்டு ஆண்டுகளின் செய்திகள். பெரும்பாலும் சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்பவைதாம். இடையிடையே மற்றவையும் இருந்தன. சபை மூப்பரும் முச்சக்கரவண்டிச் சாரதியுமான முத்துவீரன் அன்றே பாலர் பாடசாலைக்குப் போய் நிர்வாகியிடம் பேசினான். மறுநாள் ரஜிதாவுக்கு வேலை இல்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதும் விதுஷாவுக்குத் தெரியாது. போன் பாஸ்டரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

பின்னர் விடுதலை ஜெபம். பின்னறையில் மூன்று நாள். சோறில்லை, தண்ணீரில்லை. பாஸ்டர் தலையில் எண்ணெய் ஊற்றி அதட்டினார். வேலம்மா என்ற விசுவாசி கால்களைப் பிடித்துக்கொண்டாள். முத்துவீரன் கன்னத்தில் அறைந்து, "போறியா, போறியா" என்று கேட்டான். அவன் கேட்டது விதுஷாவை அல்ல, அவளுக்குள் இருப்பதாக அவன் நம்பிய ஒன்றை. மூன்றாம் நாள் அவள் தண்ணீர்ச் செம்பை எட்டிப் பிடிக்க முயன்றபோது, நீட்டிய கையை அவன் கட்டில் சட்டத்தோடு சேர்த்து முழங்காலால் அழுத்தினான். எலும்பு சத்தத்தோடு முறிந்தது. அசுத்த ஆவி வெளியேறும் சத்தம் அது என்று எண்ணி வேலம்மா கைதட்டினாள். மயங்கிக் கிடந்தவளைச் சுற்றி நின்று அரைமணி நேரம் நன்றிப் பாட்டுப் பாடினார்கள். முன்வீட்டு மிளகு வியாபாரி ஸக்கரியாதான் பிறகு தம் வேனில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்ன நடந்தது என்று அவர் இரண்டு முறை கேட்டார். சுந்தரம்மா இரண்டு முறையும் பாத்ரூம் என்றாள்.

அந்த அமைப்பு அனுப்பிய கொழும்பு மிஸ் இரண்டு மணிக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, கனிவான முகம். நான்கு மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் முன்னுரை இல்லாமல் வேலையைத் தொடங்கினாள். அவள் கேள்வி கேட்பது, படம் எடுப்பது. விதுஷா படிவத்தை நிரப்புவது. பாஸ்டர் ஒவ்வொன்றின் அடியிலும் சாட்சியாகக் கையொப்பமிட்டுச் சபை முத்திரை குத்துவது.

"சின்ன விசயம் எண்டு எதையும் விட்டுராதீங்க," என்றாள் மிஸ். "கைய ஓங்கியிருந்தாலும் சொல்லுங்க. வீட்டு ஆக்கள் செஞ்சிருந்தாலும் சொல்லுங்க. குற்றம் குற்றம்தான்."

கூடத்தில் இருபதுபேர் வரை இருந்தார்கள். பயம் தெளிய, பேச்சு கலகலத்தது.

"முத்துவீரண்ணே, வயசு?" என்று விதுஷா கேட்டாள். கையை முறித்தவனின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்பத்திரண்டு."

"ஞானஸ்நானக் கார்டுல அம்பத்தஞ்சுன்னு இருந்திச்சே!" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"மறுபடி பொறந்தவனுக்கு வயசு கொறையத்தானே செய்யும்" என்றான் முத்துவீரன். மிஸ்ஸும் சிரித்துவிட்டாள்.

அவனுடைய ஆட்டோவின் மேற்கூரையைக் கிழித்த சம்பவம் நான்காவது படிவம். கடையில் சாமான் கொடுக்க மறுத்தது ஐந்து. மாடசாமியின் பெட்டி மழையில் கிடந்தது ஆறு. அதைச் சொல்லும்போது பாஸ்டரின் குரல் உடைந்தது. "செத்தவனுக்கு ஆறடி எடம் குடுக்காதவங்கள என்னான்னு சொல்றது மிஸ்? எங்கப்பா அவங்களுக்கு என்ன செஞ்சாரு? வேற மாதிரி நம்புனாரு. அவ்வளவுதானே." தலையிலிருந்த தழும்பை மிஸ் படமெடுத்தாள், அது ஏழாவது. கல் விழும் சத்தம் கேட்டு, பாடிக்கொண்டிருந்த குழந்தைகள் மேசைக்கடியில் ஒளிந்ததைச் சொல்லும்போது பலர் அழுதார்கள். அந்தக் கண்ணீர் பொய்யன்று.

எட்டாவதாக வேலம்மா வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணந்தம்பி ரெண்டு பேரும் என்னைய லயத்துல உள்ரூம்ல போட்டு வெளியில பூட்டிட்டாங்க மிஸ். ரெண்டு நாள். பச்சத்தண்ணி குடுக்கல. கோடாங்கியக் கூட்டியாந்து, எனக்கு ஏசு பேய் புடிச்சிருக்குன்னு வேப்பங்கொழயால அடிச்சாங்க. 'போயிடுறேன்னு சொல்லு, போயிடுறேன்னு சொல்லு'ன்னு அடிச்சாங்க. நான் எங்க மிஸ் போறது? எனக்குள்ள வேற யாரும் வரலியே. நான் நாந்தானே?"

மிஸ் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள். விதுஷாவின் பேனா நின்றது.

"என்ன பிள்ள, எழுதலியா?" என்றாள் வேலம்மா.

"கடேசியாச் சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்கக்கா."

"எது?"

"நான் நாந்தானேன்னு சொன்னீங்களே. அது."

வேலம்மா திருப்பிச் சொன்னாள். அவள் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. சொன்ன சொல்லும் செய்த செயலும் அவளுக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. விதுஷா அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள்.

எட்டும் முடிந்து தேநீர் வந்தது. சுந்தரம்மா தட்டோடு வந்தபோதுதான் மிஸ்ஸின் பார்வை அந்தப் பிளாஸ்டரில் பதிந்தது.

"ஐயோ, நானும் இவ்வளவு நேரமும் கேக்கேல்ல. கையில என்ன நடந்தது தங்கச்சி?"

விதுஷா வாயைத் திறந்தாள். காலையில் பாடம் பண்ணியதா, அல்லது மற்றதா, எது வந்திருக்கும் என்பது அவளுக்கே தெரியாது. அதற்குள் முத்துவீரன் முந்திக்கொண்டான். கேட்டவர் கண்களில் கண்ணீரை வரவழைத்த எட்டுக் கதைகளின் வெற்றி அவனுக்குத் தலைக்கேறியிருந்தது.

"அதுவும் அவங்க வேலதான் மிஸ். போன மாசம். புள்ள ஜெபத்துக்கு வர்றப்ப வழியில வச்சுத் தள்ளிவிட்டுட்டானுங்க."

அங்கிருந்தவர்களில் குறைந்தது ஏழுபேருக்கு உண்மை தெரியும்.

"ஆர் தள்ளினது? பேர் தெரியுமா?"

முத்துவீரன் இதை எதிர்பார்க்கவில்லை. வேலம்மா கைகொடுத்தாள். "முன்னுக்கு இருக்குற ஸக்கரியா நானா ஆளுங்கதான். அந்தாளு ஸ்பீக்கர் சத்தம்னு கம்ப்ளேன் குடுத்தவரு தானே."

சத்தம் பற்றி ஸக்கரியா ஒருமுறை முறையிட்டது உண்மை. அந்த ஒரு உண்மை போதுமானதாயிருந்தது. அவருடைய வேனின் பின்னிருக்கையில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன சுந்தரம்மா, கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் பாஸ்டர் பக்கம் திரும்பினாள். ஜெயக்காந்தன் கண்களை மூடிக்கொண்டிருந்தார். "கர்த்தர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளையை மீறாமலே அவர் அந்தப் பொய்க்கு இடங்கொடுத்தார்.

"அப்ப இது ஒன்பதாவது," என்று மிஸ் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினாள். "எலும்பு முறிவு. எல்லாத்துலயும் இதுதான் பாரமான கேஸ். மத்தவங்க சொல்லத் தேவையில்ல தங்கச்சி. உங்களுக்கு நடந்தத நீங்களே எழுதுங்க."

"நானே எழுதவா?"

"ஓம். நடந்தபடியே."

விதுஷா பாஸ்டரைப் பார்த்தாள். "எழுதவா பாஸ்டர்?"

"எழுதும்மா. ஆவியானவர் நடத்துவாரு."

பிளாஸ்டர் போட்ட கையைக் காகிதத்தின்மேல் பாரமாக வைத்துக்கொண்டு அவள் எழுதினாள். இருபது நிமிடங்கள் பிடித்தன. பக்கம் போதாமல் மறுபக்கமும் எழுதினாள். ஊராரின் குறைகளை ஐந்து ஆண்டுகளாக ஒழுங்கான வாக்கியங்களாக்கிப் பழகிய கை அது. எழுதி முடித்ததும் ஒன்பது படிவங்களையும் அடுக்கி பாஸ்டரிடம் கொடுத்தாள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அவர், மற்ற எட்டில் போட்டதுபோலவே ஒன்பதாவதிலும் கையொப்பமிட்டு, முத்திரையை வாயால் ஊதிக் குத்தினார்.

மிஸ் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்பதாவதில் அவளுடைய கண்கள் வேகம் குறைந்தன. பக்கத்தைத் திருப்பினாள். மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தாள். பிறகு விதுஷாவின் கையை, முத்துவீரனை, அடியிலிருந்த ஊதா முத்திரையைப் பார்த்தாள்.

அவள் கெட்டவள் அல்லள். எழுந்து சமையலறைப் பக்கம் போய், கை கழுவுவதுபோல நின்று, விதுஷாவைக் கண்ணால் அழைத்தாள்.

"இதெல்லாம் உண்மையா?"

"ஓம் மிஸ். நாளன்னைக்கி என்னைய வேன்ல அனுப்பப் போறாங்க. அதையும் கடேசியில எழுதியிருக்கேன்."

மிஸ் குழாயை மூடினாள். "தங்கச்சி, நான் சொல்றத யோசிச்சுப் பாருங்க. இந்த ஒண்ட நான் கொண்டுபோனா, மற்ற எட்டும் செத்துப்போகும். எதிர்ப்பக்கத்து லோயருக்கு இது போதும். ஜெபவீட்டையும் மூடிருவாங்க. அதோட... நீங்க எழுதியிருக்கிற காரணம். அதுக்கு இன்னும் சட்டம் இருக்கு. பொலிஸ் முதல்ல உங்களத்தான் கேக்கும்."

"வீட்டு ஆளுங்க செஞ்சாலும் குற்றம் குற்றந்தான்னு சொன்னீங்க."

"எங்கட படிவம் விசுவாசிகளுக்கு வெளியில இருந்து வாற தாக்குதலுக்கு."

"நானும் விசுவாசிதான் மிஸ்."

மிஸ்ஸின் முகம் கலங்கியது. "உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறன்" என்றாள். பின்னர் கூடத்துக்குத் திரும்பி, எட்டுப் படிவங்களைப் பைக்குள் வைத்து, ஒன்பதாவதை மேசைமேல் விட்டாள். "இதுல ஒரு சின்னக் குறை இருக்கு பாஸ்டர். இத விட்டுருவம். எட்டே போதும்."

"என்னாங்க மிஸ் கொறை?" முத்துவீரனுக்கு ஏமாற்றம். "கை ஒடஞ்சதுதானே பெருசுன்னீங்க?"

மிஸ் பையின் வாரைச் சரிசெய்தாள். பாஸ்டர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தம் கையொப்பத்தைத் தவிர அதில் எதுவும் அவருக்கு விளங்கவில்லை.

"என்னம்மா கொறை? எதாச்சும் விட்டுட்டியா?"

"வாசிக்கட்டுமா பாஸ்டர்?" என்றாள் விதுஷா.

பழக்கம் வலியது. அவர் காகிதத்தை நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, மூன்று வாரங்களாகத் தனக்கு மறுக்கப்பட்டிருந்த இடத்தில், அவருக்கு வலப்பக்கத்தில் போய் நின்றாள். நான்கு ஆண்டுகளாகச் செய்ததுபோலவே ஒவ்வொரு வாக்கியமாக, முதலில் தமிழிலும் அடுத்துச் சிங்களத்திலும் சொன்னாள்.

"பாதிக்கப்பட்டவர், விதுஷா. வயது இருபத்தைந்து. மதம், கிறிஸ்தவம்."

"ஸ்தோத்திரம்," என்றார்கள் சிலர், வாக்கியம் முடிந்த இடத்தில் வழக்கம்போல.

"சம்பவம் நடந்த இடம், இந்த வீட்டின் பின்னறை."

"ஸ்தோத்திரம்."

"காலம், மூன்று நாள். அந்த நாட்களில் உணவும் தண்ணீரும் கொடுக்கப்படவில்லை."

இம்முறை ஒரே ஒரு குரல்தான் ஸ்தோத்திரம் சொன்னது. அதுவும் பாதியில் நின்றது.

"தாக்கியவர்களின் மதம், கிறிஸ்தவம். பாஸ்டர் ஜெயக்காந்தன் தலையைப் பிடித்து எண்ணெய் ஊற்றினார். வேலம்மா கால்களைப் பிடித்தார். முத்துவீரன் அறைந்தார். மூன்றாம் நாள் முழங்காலால் அழுத்தி என் கையை முறித்தார்."

முத்துவீரன் பாய்ந்து எழுந்தான். கொழும்பிலிருந்து வந்தவள் வாசலில் நிற்பது நினைவுக்கு வர, எழுந்த இடத்திலேயே நின்றான். வேலம்மா உரக்கத் துதிக்கத் தொடங்கினாள். விரும்பாத பேச்சு எழும்போது துதியால் மூடிவிடுவது அச்சபையின் வழக்கம். நாலைந்து குரல்கள் அவளோடு சேர்ந்தன. ஆனால் முன்வரிசையிலிருந்த பியசீலி என்ற சிங்கள விசுவாசி திரும்பி, வாயில் விரல் வைத்து, எங்களுக்கு இன்னும் சொல்லி முடியவில்லை, பொறுங்கள் என்று தன் மொழியில் அதட்டினாள். அவளுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. துதி தேய்ந்து நின்றது.

"காரணம்," என்று வாசித்தாள் விதுஷா. "நான் ஒரு பெண்ணை நேசிக்கிறேன். என்னுள் வேறு யாரோ இருப்பதாகச் சொல்லி, போ என்றார்கள். என்னுள் வேறு யாரும் இல்லை."

சிங்களத்திலும் சொன்னாள். பியசீலி கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவன் காறித் துப்பினான். அவனும் மதம் மாறியதற்காக ஊரால் துப்பப்பட்டவன்தான். படிவம் எண் மூன்று அவனுடையது.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், முன்வீட்டு ஸக்கரியா. அறைக்கதவை மூன்று நாளும் வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தவர், தெரியாது. சாட்சி, பாஸ்டர் ஜெயக்காந்தன். மேலே எழுதப்பட்டவை உண்மை என உறுதிப்படுத்துகிறேன். கையொப்பம். முத்திரை."

ஜெயக்காந்தன் தம் கையிலிருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்தார். பிறகு தலைநிமிர்ந்து, மிகுந்த துயரத்தோடு, "பாத்தீங்களா மிஸ், நம்மள எந்தெந்த வழியில எல்லாம் துன்புறுத்துறாங்கன்னு" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

மிஸ் நேரத்தைப் பார்த்தாள். அவளுடைய வாகனம் ஒழுங்கை முனையில் காத்திருந்தது. எவரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "நான் வாறன்" என்றாள். எட்டுச் சம்பவங்களும் அவளுடைய தோளில் தொங்கியபடி வெளியேறின.

அவள் போனதும் முத்துவீரன் கதவைச் சாத்த நகர்ந்தான்.

"தொறந்தே கெடக்கட்டும்," என்றாள் சுந்தரம்மா.

சமையலறை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். தட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் இப்படிக் கட்டளையிட்டுக் கேட்டுப் பழக்கமில்லாததால் முத்துவீரன் நின்றுவிட்டான்.

"அக்கா, உள்ள போங்க. ஜெபம் பண்ணணும்" என்றார் பாஸ்டர்.

சுந்தரம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் வீட்டில் உட்கார்ந்திருந்த இருபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பதினொரு ஆண்டுகளாக அவளுடைய பீங்கானில் உண்டு, அவளுடைய கிளாஸில் குடித்தவர்கள். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் எப்படி எழுந்து போவார்கள், போகும்போது வாசலுக்கு வெளியே எங்கே நின்று செருப்பை உதறுவார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

"ஏய், விது," என்றாள். "யாரு பூட்டுனதுன்னு தெரியாதுன்னா எழுதியிருக்க?"

விதுஷா கையிலிருந்த காகிதத்தைத் திருப்பினாள்.

"மூணு நாளும் சாவி என் முந்தானையிலதான் இருந்திச்சு. 'தண்ணி, தண்ணி'ன்னு நீ கதவத் தட்டுனப்ப, நான் இந்தப் பக்கம் ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு பொய் எழுதுன? எல்லாரு பேரையும் போட்டுட்டு என் பேர மட்டும் ஏன் விட்ட? அழிச்சிட்டு எழுது."

வேலம்மா விருட்டென்று எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். அவளைத் தொடர்ந்து ஒருவர், பிறகு இருவர். நாற்காலிகள் சிமெந்துத் தரையில் உராய்ந்தன. அந்த இரைச்சலுக்கிடையே விதுஷா மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். தெரியாது என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டினாள். தலைநிமிர்ந்து, மற்ற எட்டுப் படிவங்களுக்கும் கேட்ட அதே குரலில் கேட்டாள்:

"முழுப் பேரச் சொல்லுங்க."

"காளியப்பன் சுந்தரம்மா."

"பாதிக்கப்பட்டவருக்கு என்ன முறை?"

சுந்தரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கூடம் பாதி காலியாகியிருந்தது.

"அம்மான்னு போடு," என்றாள்.